அரை வார்த்தை முன்னால்

போன வாரம் இந்தக் குடும்பத்தை நல்ல சந்தோஷத்தில் விட்டுவிட்டு வந்தோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, பாதிப் பேச்சும் முழுப் படிப்பும் பறிபோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மருந்தம்மா, மறுபடியும் தன் மருந்துக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி பாங்குக்குப் போய்வந்த கொஞ்ச நேரம் கடையைத் தனியாகவே பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது கணவருக்கு வேண்டிய பிரஷர் மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துவந்து நீட்டினாள். கணவரும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அது முந்தாநாள். இன்று சந்தோஷத்தின் சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

கட்டிலைவிட்டு எழுந்ததுமே அவள் கணவர் மாஸ்டருக்குத் தலை கிறுகிறுத்தது. சுவரைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். நேற்றும் இப்படித்தான். காரணம் தேடி அவர் எங்கேயும் போகவில்லை. மனைவி படுத்த நாளிலிருந்து வீட்டில் சமையல் அவர், துணி அவர், பாத்திரம் அவர். நடுவில், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிழைப்பு வேறு. களைப்புக்குப் பரிசு வைத்தால் முதல் பரிசு அவருக்குத்தான். மேடை ஏறி வாங்கத்தான் தெம்பு இருக்காது.

"வா," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'என்னங்க' என்று கூப்பிட்டவள் அவள். நோய்க்குப் பிறகு நீளமான வார்த்தைகள் எல்லாம் அவளுக்குப் பாரமாகிவிட்டன. 'வாங்க' சுருங்கி 'வா' ஆனது. மாஸ்டருக்கு அதில் வருத்தமே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது, வெளியில் சொன்னதில்லை.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, மேஜைக்கு வந்தார். பெரிய எழுத்தில் அச்சடித்த தாளை அவள் ஏற்கனவே விரித்து வைத்திருந்தாள். இன்று பயிற்சி மையத்தில் சோதனை. தேறினால் நாளையிலிருந்து தினமும் கடைக்கு வரலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அவளுக்கு அது ஒன்றுதான் குறி. கை வீசி நடப்பதும், கோர்வையாகப் பேசுவதும் எப்போது வந்தாலும் சரி. மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் படிக்க வந்துவிட வேண்டும்.

அவளுக்குக் கண்ணில் கோளாறில்லை. சொல்வதெல்லாம் புரியும். எழுத்துதான் முகம் தெரியாத ஆளாகிப்போனது. ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கிறது, வார்த்தையாகச் சேர மாட்டேன் என்கிறது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி. ஒரே பத்தியைத் தினமும் இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். அவள் விரல் வார்த்தைக்கு வார்த்தை நகர வேண்டும்.

"மழை வரும் போல இருந்தது," என்று இருவரும் ஆரம்பித்தார்கள். "அவர் குடை வாங்கக் கடைக்குப் போனார். கடையில் கறுப்புக் குடை இல்லை. மஞ்சள் குடைதான் இருந்தது."

அடுப்பில் பால் இருந்தது. வாஷிங் மெஷின் சுற்றி முடித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் விறுவிறுவென்று படித்தார். அவளும் விறுவிறுவென்று படித்தாள். கடைசி வரியை முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"தண்ணி பட்ட பாடா வந்துடுச்சு உனக்கு," என்றார் மாஸ்டர்.

அவர் மனமாரத்தான் சொன்னார்.

*

பேச்சுப் பயிற்சி மையத்தில் மாடி ஏறும்போது மாஸ்டர் கைப்பிடியை இரண்டு தடவை பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னால் ஏறிக்கொண்டிருந்த மருந்தம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல, போ. மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

பயிற்சி கொடுக்கும் பெண்ணை இவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். டீச்சருக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. வீட்டுல படிச்ச மாதிரியே சேர்ந்து படிங்க, கேக்கறேன்."

படித்தார்கள். மழை வந்தது, கடை வந்தது, மஞ்சள் குடை வந்தது. எங்கேயும் தட்டவில்லை. மாஸ்டர் பெருமையோடு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மருந்தம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம் எழுந்து அவங்க நாற்காலிக்குப் பின்னாடி நில்லுங்க. அங்கேருந்தே சேர்ந்து படிங்க."

மாஸ்டர் போய் நின்றார். இந்தத் தடவை குடை வாங்கக் கடைக்குப் போனவர் வழியிலேயே தடுமாறினார். மருந்தம்மா இரண்டாவது வரியில் நின்று, கழுத்தைத் திருப்பி, பின்னால் நின்ற கணவரை அண்ணாந்து பார்த்தாள்.

"திரும்பாதீங்க, தாளைப் பாருங்க," என்றார் டீச்சர் மெதுவாக. "மாஸ்டர், இப்ப நீங்க படிக்க வேண்டாம். அவங்க மட்டும்."

மருந்தம்மாவின் விரல் முதல் வார்த்தையின் கீழேயே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "ம..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மழை." அடுத்த வார்த்தை வரவேயில்லை.

டீச்சர் அவசரப்படவில்லை. வேறொரு தாளை வைத்தார். அதே வார்த்தைகள், இடம் மட்டும் மாறியிருந்தன. மருந்தம்மா அதைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனாள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரு வார்த்தையின் எழுத்துகளை மேஜைமேல் விரலால் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். நெற்றி வேர்த்தது. "கடை," என்றாள் கடைசியில்.

"கடைதான்! இது ரொம்ப நல்லது," என்றார் டீச்சர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஆகியிருந்தது. அது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும்.

"என்னங்க டீச்சர் இது? காலையிலகூட கடகடன்னு படிச்சாளே."

"படிக்கல மாஸ்டர். அவங்க பார்த்தது உங்க வாயை. நீங்க அரை வார்த்தை முன்னாடி போறீங்க, அவங்க கூடவே வந்துடறாங்க. இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தவங்க, நீங்க வாயைத் திறக்கும்போதே என்ன வரும்னு அவங்களுக்குத் தெரியுது. உங்க குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, அவங்களை முன்னாடி விடணும்னு சொல்லியிருந்தேனே?"

சொல்லியிருந்தார். மாஸ்டர் மறக்கவும் இல்லை. காலையில் அவள் ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றால் பால் பொங்கிவிடும், முதல் மாணவர் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார், அதனால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் கொஞ்சம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அவமானமாக இருந்தது. வேறு யார் செய்திருந்தாலும் பரவாயில்லை, அவர் செய்யலாமா? கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். தன்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் அவர் கத்தும் ஒரே கத்தல், "இந்தப் பக்கத்துல இருந்து நீயே ஓட்டினா அவன் எப்பய்யா ஓட்டுவான்?" என்பதுதான். பக்கத்து சீட் பெடலை மிதித்து மிதித்து ஓட்டவைத்த மாணவர்கள் லைசென்ஸ் சோதனையில் பல்லிளிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார். வீட்டில் அதையே செய்திருக்கிறார்.

"முன்னேற்றமே இல்லைன்னு நான் சொல்லல," என்றார் டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "விரலால எழுதிப் பார்த்துப் படிக்கிறாங்களே, அதைப் பிடிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. கடைக்கு இப்ப வேண்டாம். மருந்தை எடுத்துக் கொடுக்கிற வேலை கூடவே கூடாது. இதுவரைக்கும் அப்படி எதுவும் கொடுக்கலையே?"

மாஸ்டருக்கு வாய்வரை உண்மை வந்தது. ஆனால் ஒரே நாளில் இரண்டு திட்டு வாங்கத் தெம்பில்லை.

"இல்லைங்க. சும்மா போய் உட்கார்ந்துட்டு வந்தா."

மருந்தம்மா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "மாத்திரை," என்றாள்.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"மாத்திரை. நீ." விரல் கணவரின் சட்டைப்பையைக் காட்டியது.

"போட்டாச்சு, போட்டாச்சு. காலையிலேயே போட்டுட்டேன்," என்று எழுந்தார் மாஸ்டர். "வருத்தத்துல இருக்கா டீச்சர். நாங்க கிளம்பறோம்."

போட்டாச்சு என்றதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

*

அவர்களுக்கு வேறு கார் கிடையாது. கூரையில் பலகை வைத்த, இரண்டு பக்கமும் பெடல் வைத்த அந்த டிரைவிங் பள்ளிக்கூடத்துக் கார்தான் குடும்பக் காரும். மாஸ்டர் ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். மருந்தம்மா பக்கத்து சீட்டில்.

"வேணாம்," என்றாள்.

"என்ன வேணாம்?"

"ஓட்ட... வேணாம்."

"அப்புறம் யாரு, நீ ஓட்டறியா?" என்று சிரிக்கப் பார்த்தார் மாஸ்டர். சிரிப்பு வரவில்லை. "இங்க பாரு, எனக்குப் புரியுது. உனக்கு வருத்தம். எனக்கும்தான். நாளையிலேருந்து நான் வாயை மூடிக்கறேன், நீ படி. ஒரு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? கடை எங்கேயும் ஓடிடாது."

அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். அவரது சட்டையைப் பிடித்து இழுத்தாள். வார்த்தைக்கு வாய் தவித்தது. வந்ததெல்லாம் வேறு வார்த்தை. "தப்பு. தம்பி. மேலே... தப்பு."

"தம்பி ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டான். நான் பேசிக்கறேன்."

இப்படித்தான் அவர் மாதக்கணக்கில் அவள் வாக்கியங்களை முடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி சரியாக இருக்கும். மீதியை அவள் போனால் போகிறது என்று விட்டுவிடுவாள். இன்று விடவில்லை. ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். மாஸ்டருக்கு எரிச்சல் வந்தது, அப்படி வந்ததற்காக வெட்கமும் வந்தது. வண்டியைக் கிளப்பினார்.

தெரு திரும்பிப் பெரிய சாலைக்கு வந்தார்கள். வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. முன்னால் போன பால் வண்டி நின்றதை அவர் பார்த்தார். பார்த்தது மூளைக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சாலையின் ஓரம் எல்லாம் மெல்லச் சாய்வது போல இருந்தது.

கார் கிறீச்சிட்டு நின்றது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை.

பக்கத்து சீட்டில் மருந்தம்மா இடது காலை முழு பலத்தோடு பிரேக்கில் ஊன்றிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டார் மாஸ்டர். நோய் வந்த பிறகு அவளிடம் அவர் குரலை உயர்த்தியது இதுதான் முதல் முறை.

அவள் காலை எடுக்காமலே கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எத்தனையோ வருஷம் கடையில் எத்தனையோ பேர் கையைப் பிடித்துப் பார்த்த பிடி அது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாடியைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து, தம்பியின் படத்தைத் தொட்டாள்.

"டேய். வா. பால் வண்டி... ரோடு. மெஷின். பிரஷர் மெஷின். வா."

மாஸ்டருக்கு அப்போதுதான் மாத்திரை நினைவு வந்தது. அவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

*

தம்பி, மாஸ்டருக்கு மச்சினன், ஸ்கூட்டரில் பறந்து வந்தான். கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தான். அதற்குள் வழிப்போக்கர் இருவர் காரைத் தள்ளி நிழலில் ஓரங்கட்டிக் கொடுத்திருந்தார்கள். மருந்தம்மா கணவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவர் காலுக்குக் கீழே தன் கைப்பையையும், கற்றுக்குட்டிகள் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையையும் அடுக்கியிருந்தாள்.

பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினான் மச்சினன். வந்த எண்ணைப் பார்த்து மறுபடி அழுத்தினான். மேல் எண் நூறைத் தொடவில்லை.

"மாமா, ரொம்ப இறங்கியிருக்கு. என்ன மாத்திரை போட்டீங்க?"

"வழக்கமா போடறதுதான். உங்க அக்கா கொண்டுவந்தா இல்ல?" மாஸ்டர் அட்டையை எடுத்து நீட்டினார்.

மச்சினன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். அக்காவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா."

"இது டபுள் பவர் மாமா. அதே கம்பெனி, அதே மருந்து, பெட்டிகூட ஒரே மாதிரிதான் இருக்கும். பவர் மட்டும் ரெண்டு மடங்கு." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான்தான் மாமா. நான்தான் பண்ணினேன். அக்காவுக்கு வலது கை மேலே தூக்க வரலையேன்னு, மேல் தட்டுல இருந்ததெல்லாம் இறக்கி வச்சேன். இது இருந்த இடத்துல அது, அது இருந்த இடத்துல இது. பெட்டி மேலதான் பேர் இருக்கே, அக்காதான் இப்ப நல்லாப் படிக்கிறாங்களேன்னு..."

"யார் சொன்னா நல்லாப் படிக்கிறான்னு?"

"நீங்கதான் மாமா சொன்னீங்க."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் அவளுக்காக வாயை அசைத்திருக்கிறார். இன்னொருவர் அவளுக்காகத் தட்டை மாற்றியிருக்கிறார். இரண்டு பேரும் பாசத்தில்தான் செய்தார்கள். இரண்டு பேரில் ஒருவராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மருந்தம்மா தன் வலது கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். "கை... எடுத்துச்சு," என்றாள். பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இது... படிக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். நோய் வந்தபோது அழாதவள், காலும் கையும் இழுத்துக்கொண்டபோது அழாதவள், சாலையோரத்தில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். மாஸ்டர் படுத்தபடியே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடும்மா. உசுரோடதான இருக்கேன். நீதான பிரேக் போட்ட?"

மச்சினன் டாக்டருக்குப் போன் செய்தான். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், காலை உயர்த்திப் படுக்கட்டும், இனி அந்த மாத்திரையைத் தொட வேண்டாம், சாயங்காலம் வந்து காட்டட்டும், நடுவில் மயக்கம் வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தபோது எண் கொஞ்சம் ஏறியிருந்தது. மச்சினனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளைக்கா. வீட்டோட போச்சு," என்றான்.

மருந்தம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போகல," என்றாள்.

*

வேறு யாருக்குக் கொடுத்தாள்? பெயர் வரவில்லை. நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. தம்பி ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துணியைத் தள்ளுவது போலத் தள்ளினாள். கால் இல்லாத பெடலை மிதித்தது.

"தையல்காரம்மாவா?"

"ஆ! அப்பா. அவ... அப்பாவுக்கு."

"அந்தப் பெரியவருக்கா?" மச்சினனின் குரல் இறங்கியது. ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு அந்தப் பெரியவருக்கு. "போன் நம்பர் இல்லையேக்கா. வீடும் எனக்குத் தெரியாதே."

"எனக்கு," என்றாள் மருந்தம்மா.

தன் துணியெல்லாம் தையல்காரம்மாவிடம்தான் தைக்கக் கொடுப்பாள். எத்தனையோ தடவை நடந்து போயிருக்கிறாள். பெயர்ப்பலகைகள் இன்று அவளுக்கு உதவாது. வழி காலுக்குத் தெரியும்.

மாமாவிடம் கார் கற்றுக்கொண்டு, மாமா வாயால் 'பரவாயில்லை'கூட வாங்காமல் லைசென்ஸ் எடுத்தவன் மச்சினன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மருந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையால் வலது, இடது காட்டிக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் படுத்திருந்தவருக்கு வானமும் மின்கம்பிகளும்தான் தெரிந்தன.

"கியரை மாத்துடா, எஞ்சின் அழுவுது," என்றார் படுத்தபடியே.

"நீ சும்மா இரு," என்றாள் மருந்தம்மா திரும்பிப் பார்க்காமல்.

மச்சினன் வேறு கவலையில் இருந்தான். "அக்கா, நான் பேசிக்கறேன். அக்கா தப்பா எடுத்துக் கொடுத்துட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா நம்ம கடைப் பக்கம் யாரு வருவா? கம்பெனியில அந்தச் சரக்கைத் திருப்பிக் கேக்கறாங்க, அட்டையைக் கொடுங்கன்னு வாங்கிட்டு வந்துடறேன். என்ன மாமா?"

மாஸ்டர் மேலே ஓடும் மின்கம்பிகளைப் பார்த்தார். காலையில்தான் டீச்சரிடம் அவரும் ஒரு பொய் சொல்லியிருந்தார், அது நெஞ்சில் இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும், மனதின் ஒரு பக்கம், அவன் சொல்வதும் சரிதானே என்றது. மருந்தம்மா கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம் என்று தெருவே சொல்லும். அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பெயர்தான். அதையும் இன்று வாரிக் கொட்டிவிட வேண்டுமா?

"பார்த்துப் பேசு," என்றார் கடைசியில். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

கார் ஒரு பச்சைக் கதவின் முன்னால் நின்றது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மச்சினன் இறங்கிக் கதவைத் தட்டினான். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா வந்தாள். மருந்தம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களே வந்துட்டீங்களா! நல்லா நடக்கறீங்களே! உள்ள வாங்க."

"ஒண்ணுமில்லக்கா," என்று மச்சினன் ஆரம்பித்தான். "முந்தாநாள் அப்பாவுக்கு வாங்கிட்டுப் போனீங்க இல்ல, அந்தக் கம்பெனிக்காரங்க..."

மருந்தம்மா தம்பியின் தோளில் கை வைத்தாள். வைத்துப் பின்னால் தள்ளினாள். தானே படியில் ஏறி நின்றாள்.

"நான்," என்றாள்.

பின் சீட்டில் மாஸ்டர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"நான்... மருந்து..." நின்றது. உதடு அசைந்தது. தம்பி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். மாஸ்டருக்கு அடுத்த வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. ஜன்னல் வழியாக எறிந்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவ்வளவு நேரம் அவளை அப்படித் தவிக்கவிட்டது அவர் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

தையல்காரம்மா என்னவோ ஏதோ என்று காத்திருந்தாள்.

"மருந்து... படிக்காம கொடுத்துட்டேன்," என்றாள் மருந்தம்மா. "எனக்கு... படிக்க வரல. தப்பு மருந்து. என் தப்பு."

மாஸ்டர் நினைத்து வைத்திருந்தது அந்த வார்த்தைகள் அல்ல. 'மருந்து மாறிப்போச்சு' என்று சொல்வாள் என்று எண்ணியிருந்தார். யார் மேலும் விழாமல் நழுவிப்போகிற மாதிரி ஒரு வாக்கியம். அவர் எடுத்துக்கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். அவளைப் பற்றி இத்தனை பெருமையும் தன்னைப் பற்றி இத்தனை கேவலமும் ஒரே நேரத்தில் அவருக்கு வந்ததில்லை. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் கை எழவில்லை.

தையல்காரம்மாவின் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. கழுத்து நாடாவைக் கழற்றிக் கையில் சுருட்டினாள்.

"நேத்தெல்லாம் தலை சுத்துதுன்னு சொன்னாரு," என்றாள் மெதுவாக. "வெயில்னு நினைச்சேன்."

"காட்டு. அப்பா... காட்டு."

"அப்பா இல்லையே. என் தம்பி வீட்டுக்குப் போறேன்னு இப்பதான் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாரு. மாத்திரையும் அந்தப் பையிலதான் இருக்கு. மத்தியானத்துக்கு ஒண்ணு போடணும்னு கையில எடுத்து வச்சுக்கிட்டுத்தான் போனாரு."

மச்சினன் கார்ச் சாவியைத் தேடிச் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவினான். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மருந்தம்மா தையல்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரை நோக்கி வந்தாள். மாஸ்டர் காலை மடக்கிக்கொண்டு பின் சீட்டில் அவர்களுக்கு இடம் விட்டார்.